பெயர் ஒன்று, வெட்டு வேறு: கைமேஸ் ஆய்வுக்கு எந்த விலங்கு?

ஒவ்வாமையில் பங்கெடுக்கும் நோய் எதிர்ப்புச் செல்லான மாஸ்ட் செல் தொடர்பான ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வரும். எந்த நோய், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையெல்லாம் மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். எந்த விலங்கு என்ற இடத்தில் மட்டும் ஒரே வரி: "சுண்டெலி, எட்டு வார வயது." ஏன் என்று கேட்டால், "மனிதனுக்கு இருக்கும் கைமேஸ் சுண்டெலிக்கும் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் கைமேஸ் என்பது மாஸ்ட் செல்லில் இருக்கும், புரதத்தை வெட்டும் நொதி; சுண்டெலியில் அது வெட்டும் இடம் வேறு. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆய்வு மாணவியாக இருந்த முதல் ஆண்டில் நானும் இதே இடத்தில் தடுமாறினேன். மனித இரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் சாற்றில் கத்தெப்சின் ஜி என்ற நொதியை அளந்துகொண்டிருந்தேன். 96 குழிகள் கொண்ட தட்டு. நொதி வேலை செய்தால் நிறமில்லாத திரவம் மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சளை 405 நானோமீட்டரில் அளப்போம். அப்ரோட்டினின் என்ற தடுப்பானைச் சேர்த்த குழிகளில் மஞ்சள் வெளிறியது. தட்டின் மறுபாதியில் சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த நியூட்ரோபில் சாறு. அங்கே தடுப்பான் சேர்த்த குழியும் சேர்க்காத குழியும் ஒரே மஞ்சள். தடுப்பான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினோம். பஃபரை மாற்றினோம், பிஹெச் மாற்றினோம், வெப்பநிலையை மாற்றினோம். மூன்று வாரம் போனது. தடுப்பானில் ஒரு கோளாறும் இல்லை. சுண்டெலியின் கத்தெப்சின் ஜி அப்ரோட்டினினுக்கு மசியாத நொதி. தட்டில் இரண்டு பாதிக்கும் நான் ஒரே பெயரை எழுதி ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

கைமேஸ், கத்தெப்சின் ஜி, கிரான்சைம் மூன்றும் செரின் புரோட்டியேஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாஸ்ட் செல், நியூட்ரோபில், கொல்லும் டி செல், என்.கே. செல் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றைத் துகள்களில் அடைத்து வைத்திருந்து, வேளை வரும்போது வெளியே கொட்டும். எல்லாமே புரதத்தை வெட்டும் கத்திகள். ஆனால் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. ஒவ்வொரு நொதியிலும் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. புரதச் சங்கிலியில் எந்த அமினோ அமிலம் அந்தப் பள்ளத்துக்குள் சரியாக உட்காருகிறதோ, அதற்கு அடுத்த பிணைப்பு அறுபடும். ஆகவே பள்ளத்தின் வடிவமும், அதன் அடியில் உட்கார்ந்திருக்கும் அமினோ அமிலத்தின் மின்னூட்டமும்தான் வெட்டைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் குடும்பத்தில் 226 என்று எண்ணிடப்பட்ட ஓர் இடம் பள்ளத்தின் அடியில் வருகிறது. மனிதனின் கிரான்சைம் பி-யில் அங்கே ஆர்ஜினின். அது நேர்மின்னூட்டம் கொண்டது, எனவே எதிர்மின்னூட்டம் கொண்ட அஸ்பார்டிக் அமிலத்தை இழுத்துப் பிடித்து அதன் பின்னால் வெட்டுகிறது. மனிதனின் கைமேஸில் அங்கே அலனின். சின்னது, மின்னூட்டம் இல்லாதது, ஆகவே ஃபீனைல்அலனின், டைரோசின் போன்ற வளையம் கொண்ட பருத்த அமினோ அமிலங்களுக்கு இடம் கிடைக்கிறது. மனிதனின் கத்தெப்சின் ஜி-யில் அங்கே குளூட்டாமிக் அமிலம். அது லைசினையும் ஆர்ஜினினையும்கூடக் கவர்கிறது. இந்த மூன்று நொதிகளின் மரபணுக்களும் 14-ஆம் குரோமோசோமில் அண்டை வீட்டுக்காரர்கள். ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை, ஓர் எழுத்து மாறினால் வேலை மாறிவிடும் அளவுக்கு நெருங்கியவை. 1994-இல் சுண்டெலியின் கிரான்சைம் பி-யில் அந்த ஆர்ஜினினை மட்டும் மாற்றிப் பார்த்தபோது, அஸ்பார்டிக் அமிலத்தைத் தேடிய நொதி ஃபீனைல்அலனினைத் தேடத் தொடங்கியது.

ஆய்வகத்தில் செய்த இந்த வேலையைப் பரிணாமம் எப்போதோ செய்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஜார்ஜ் காகியின் குழு 2010-இல் கத்தெப்சின் ஜி-யை இனம் இனமாக ஒப்பிட்டது. சுண்டெலி உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளில் 226-ஆம் இடத்தில் இருப்பது அலனின்தான். குரங்கினத்தின் மரபுவழியில், ஏறத்தாழ 3.1 முதல் 4.3 கோடி ஆண்டுகளுக்கு முன், அது குளூட்டாமிக் அமிலமாக மாறியிருக்கிறது. அதனால்தான் மனித நொதிக்கு இரண்டு முகம்: வளைய அமினோ அமிலத்தின் பின்னாலும் வெட்டும், லைசின், ஆர்ஜினின் பின்னாலும் வெட்டும். சுண்டெலியின் நொதி டைரோசினை மட்டும் மிக விரும்பும், வேகமும் அதிகம். அந்தக் குழு சுண்டெலி நொதியில் அந்த ஓர் இடத்தை மனித நொதியில் இருப்பதுபோல் மாற்றியதும் இரண்டாம் முகம் வந்துவிட்டது. என் தட்டில் மஞ்சள் குறையாததற்கான விடையை அந்தக் கட்டுரையில்தான் படித்தேன்.

இனி, எல்லாருக்கும் பொதுவான ஒரு சிறு துண்டை எடுத்துக்கொள்வோம். ஆஞ்சியோடென்சின் ஒன்று. பத்தே அமினோ அமிலங்கள். மனிதனிலும் சுண்டெலியிலும் எலியிலும் ஒரே வரிசை. அஸ்பார்டிக் அமிலம், ஆர்ஜினின், வேலின், டைரோசின், ஐசோலியூசின், ஹிஸ்டிடின், புரோலின், ஃபீனைல்அலனின், ஹிஸ்டிடின், லியூசின். இதில் இரண்டு இடம் கைமேஸ் வகை நொதிகளின் கண்ணில் படும். எட்டாவதாக நிற்கும் ஃபீனைல்அலனினுக்குப் பின்னால் வெட்டினால் கடைசி இரண்டு உதிர்ந்து ஆஞ்சியோடென்சின் இரண்டு கிடைக்கும். இரத்தக் குழாயைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் அது. நான்காவதாக நிற்கும் டைரோசினுக்குப் பின்னால் வெட்டினால் ஹார்மோனே மிஞ்சாது, பயனற்ற துண்டுகள்தான். நான்கு இடம் தள்ளி விழும் ஒரு வெட்டில் ஆக்கலும் அழித்தலும் இடம் மாறிவிடுகின்றன.

மனிதனின் கைமேஸ் எட்டாம் இடத்தில் வெட்டுகிறது, நான்காம் இடத்தை ஏறக்குறைய தொடுவதில்லை. எலியின் ஆர்எம்சிபி-1 என்ற கைமேஸ் நான்காம் இடத்தை வெட்டி ஹார்மோனை அழிக்கிறது. சுண்டெலியின் கத்தெப்சின் ஜி-யும் எட்டைவிட நான்கையே விரும்புகிறது. அப்படியானால் ஒரு மருந்தால் கைமேஸைத் தடுத்தால் என்ன நடக்கும்? மனிதனில் ஆஞ்சியோடென்சின் இரண்டு குறையலாம். எலியில் அது கூடலாம். ஒரே மருந்து, ஒரே பெயருள்ள இலக்கு, எதிரெதிர் விளைவு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விலங்குகளைப் பார்ப்போம். கேள்வி இது என்று வைத்துக்கொள்கிறேன்: இதயத்தில் கைமேஸைத் தடுத்தால் நார்த்திசு சேர்வது குறையுமா? 1990-இல் உராட்டாவும் ஹுசைனும் சேர்ந்த குழு, மனித இதயத் திசுவை அரைத்தெடுத்து அளந்தபோது, ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாவதில் சுமார் 80 சதவீதம் கைமேஸின் வேலை என்று கண்டது. இரத்த அழுத்த மாத்திரையால் நாம் தடுக்கும் ஏ.சி.இ. நொதியின் பங்கு சுமார் 11 சதவீதம்தான். அரைத்த திசு உயிருள்ள இதயம் ஆகாது. உயிருள்ள திசுவில் நொதியைச் சுற்றி உடலின் சொந்தத் தடுப்பான்கள் நிற்கும் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் கேள்வி எழுந்தது அங்கிருந்துதான்.

சுண்டெலியில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். மனிதனின் 14-ஆம் குரோமோசோமில் இந்தக் குடும்பத்துக்கு நான்கே மரபணுக்கள்: கைமேஸ், கத்தெப்சின் ஜி, கிரான்சைம் ஹெச், கிரான்சைம் பி. சுண்டெலியில் அதே பகுதி பெருகி ஒரு டஜனைத் தாண்டிவிட்டது. மனிதனிடம் கைமேஸ் ஒன்றே ஒன்று. அது கைமேஸ் வம்சத்தின் ஆல்ஃபா கிளை. சுண்டெலியிடம் ஆல்ஃபா கிளையில் எம்எம்சிபி-5 (எம்எம்சிபி என்றால் சுண்டெலியின் மாஸ்ட் செல் புரோட்டியேஸ்), பீட்டா கிளையில் எம்எம்சிபி-1, 2, 4 என்று ஒரு கூட்டமே இருக்கிறது. மனிதனில் பீட்டா கிளையே கிடையாது.

வம்சாவளி மரத்தை மட்டும் பார்த்தால் எம்எம்சிபி-5-தான் மனிதக் கைமேஸின் நேரடி உறவு. மரபணுத் தரவுத்தளத்தில் தேடினாலும் அதுதான் முதலில் வரும், பெயரும் மனித மரபணுவின் பெயரேதான். ஆனால் அதன் பள்ளத்தில் 216-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டியதற்குப் பதிலாக வேலின் வந்து வாயை அடைத்துக்கொண்டது. ஃபீனைல்அலனின் உள்ளே நுழைய முடியாது. வேலின், அலனின் போன்ற சின்ன அமினோ அமிலங்களின் பின்னால் வெட்டும் எலாஸ்டேஸ் வகை நொதியாக அது மாறிவிட்டது. கைமேஸின் வேலையைச் செய்வது வேறு கிளையைச் சேர்ந்த எம்எம்சிபி-4. இணைப்புத் திசுவின் மாஸ்ட் செல்களில் இருப்பது, ஹெப்பாரினோடு ஒட்டிக்கொண்டிருப்பது, ஃபீனைல்அலனின் பின்னால் வெட்டுவது, ஆஞ்சியோடென்சின் இரண்டை உருவாக்குவது எல்லாம் அதுதான். உடன்பிறந்தவன் வீட்டை விட்டுப் போய்விட, பெரியப்பா மகன் வந்து கடையை நடத்துவதுபோல.

2003-இல் உப்சாலாவில் எம்எம்சிபி-4 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். வயிற்று உறையிலும் காது மடலிலும் இருந்த கைமேஸ் வகை வெட்டு பெரும்பாலும் மறைந்துபோனது. ஆகவே உங்கள் கேள்வி "மாஸ்ட் செல்லின் கைமேஸ் வெட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்பதானால், அந்த நாக்அவுட் சுண்டெலிக்கு நிகரான கருவி வேறில்லை. எந்த மருந்தும் அத்தனை சுத்தமாக ஒன்றை மட்டும் அகற்றாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையைச் சுண்டெலிக்கு எதிரான வழக்காக யாரும் படித்துவிடக் கூடாது.

மருந்தைச் சோதிக்கத்தான் சுண்டெலி தடுமாறும். மனிதக் கைமேஸின் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்த தடுப்பான் எம்எம்சிபி-4-இல் அதே இறுக்கத்தோடு பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பொருந்தினாலும், பக்கத்தில் கத்தெப்சின் ஜி நான்காம் இடத்தை வெட்டிக்கொண்டிருக்கும். எம்எம்சிபி-5-ஐ நாக்அவுட் செய்தாலோ கூடவே கார்பாக்ஸிபெப்டிடேஸ் ஏ3 என்ற வேறொரு நொதியும் துகள்களிலிருந்து காணாமல் போகிறது. இதை எடுத்தால் அதுவும், அதை எடுத்தால் இதுவும். எது போனதால் என்ன ஆனது என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொன்று, சுண்டெலி என்று பொதுவாகச் சொன்னாலும் போதாது. எல்லாரும் பயன்படுத்தும் சி57பிஎல்/6 வகையில் எம்எம்சிபி-7 என்ற இன்னொரு மாஸ்ட் செல் நொதி (டிரிப்டேஸ் வகை) மரபணுப் பிழையால் உருவாவதே இல்லை. ஒரே இனத்துக்குள்ளேயே இந்த நிலை.

எலியை உயர் இரத்த அழுத்த ஆய்வாளர்கள் விடமாட்டார்கள். ஒகாமோட்டோவும் ஆவோகியும் 1963-இல் கியோட்டோவில் அறிமுகப்படுத்திய, தானாகவே இரத்த அழுத்தம் ஏறும் எலி வகை எத்தனையோ மருந்துகளுக்குச் சோதனைக்களம். கைமேஸ் தடுப்பானுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. மேலே சொன்ன நான்காம் இட வெட்டே காரணம். எலியில் கைமேஸ் குடும்பம் சுண்டெலியைவிடவும் பெரிது. ஒன்றைத் தடுத்து வந்த விளைவை மனிதனின் ஒற்றைக் கைமேஸுக்கு ஏற்றிச் சொல்ல வழியில்லை.

கினிப்பன்றி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வாமை, மூச்சுக்குழாய் சுருக்கம் ஆகியவற்றுக்குக் காலங்காலமாகப் பயன்பட்ட விலங்கு. அதன் மூச்சுக்குழாய் பல வகையில் மனிதனை ஒத்தது. ஆனால் காகியின் குழு 2008-இல் காட்டியபடி அதன் கைமேஸ் லியூசினின் பின்னால் வெட்டும் நொதி. ஃபீனைல்அலனின் பின்னால் நடக்கும் வழக்கமான கைமேஸ் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆஸ்துமாவில் கைமேஸின் பங்கைப் பார்க்கப் போகிறேன் என்று கினிப்பன்றியை எடுப்பவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஹாம்ஸ்டர் நான் விரும்பும் நடுவழி. ஜப்பானில், குறிப்பாக ஒசாகாவில், மியாசாகியும் தகாயும் கைமேஸ் தடுப்பான்களைப் பல ஆண்டுகள் சோதித்தது பெரும்பாலும் இந்தச் சிறு பிராணியிலும் நாயிலும்தான். மனித நொதியை இலக்காக வைத்துச் செய்த தடுப்பான்கள் பல ஹாம்ஸ்டரின் நொதியையும் தடுத்தன. தங்க நிற ஹாம்ஸ்டரின் முதல் கைமேஸ் அசல் கைமேஸ் போலவே வெட்டுகிறது, ஆஞ்சியோடென்சின் இரண்டை உருவாக்குகிறது. இரண்டாவது கைமேஸ் சுண்டெலியின் எம்எம்சிபி-5 போல எலாஸ்டேஸ் பக்கம் போய்விட்டது. ஆகவே அதன் மாஸ்ட் செல் முழுமையாக மனித மாஸ்ட் செல் ஆகாது. உங்கள் தடுப்பான் ஒன்றை நிறுத்தும்போது மற்றது வெட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் வெட்டு, அதாவது எட்டாம் இட வெட்டு, நிற்கும். பிறவியிலேயே இதயத்தசை நோய் கொண்ட பயோ 14.6 என்ற ஹாம்ஸ்டர் வகையும் இருக்கிறது என்பது இதய ஆய்வுக்குக் கூடுதல் வசதி. குறை என்னவென்றால் கருவிகள். சுண்டெலிக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டிபாடிகளில் பத்தில் ஒரு பங்குகூட ஹாம்ஸ்டருக்குத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்பது என் அனுபவம். நாக்அவுட் வகைகளும் குறைவு. செலவில் சேமிப்பதை ஆன்டிபாடி சரிபார்ப்பதில் விடுவீர்கள்.

நாய் நொதியளவில் நல்ல தேர்வு. ஒற்றை ஆல்ஃபா கைமேஸ், மனிதனைப் போன்ற வெட்டு, ஆஞ்சியோடென்சின் இரண்டை உருவாக்கும் திறன், எம்எம்பி-9 என்ற ஜெலாட்டினேஸைத் தூண்டும் திறன். இதய வால்வு கசியும் நாய்களில் கைமேஸின் பங்கை அலபாமாவின் டெல்லிட்டாலியா குழு நெடுங்காலம் ஆராய்ந்தது. ஆனால் இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாய், குரங்கு போன்ற பெரிய விலங்குகளுக்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு மட்டும் போதாது, விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஹாம்ஸ்டரிலோ மனிதச் செல்லிலோ விடை கிடைக்கும் கேள்விக்கு நாயை எடுக்க நமக்கு உரிமை இல்லை. நாய்க்கு மாஸ்ட் செல் புற்று தானாகவே அடிக்கடி வரும் நோய். கால்நடை மருத்துவமனையில் அகற்றப்படும் கட்டியிலிருந்து உரிமையாளரின் சம்மதத்தோடு நொதியைப் பிரித்தெடுக்கலாம். நொதியின் வெட்டை மட்டும் அறிய அது போதும், ஒரு நாயும் கூண்டுக்கு வர வேண்டியதில்லை.

நண்டு தின்னும் மகாக் குரங்கின் கைமேஸ் மனிதக் கைமேஸோடு வெட்டுத் தேர்வில் ஏறத்தாழ ஒன்றிப்போகிறது. உப்சாலாவில் லார்ஸ் ஹெல்மன் குழு 2012-இல் காட்டியது அது. கத்தெப்சின் ஜி-யின் இரட்டை முகம் வேண்டும் என்றால் குரங்கினத்துக்கு வெளியே தேடிப் பயனில்லை. விஞ்ஞானக் காரணம் மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம். மனிதருக்கு மருந்து கொடுப்பதற்கு முந்தைய கடைசிப் படியில் தவிர வேறெங்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

மனிதமயமாக்கிய சுண்டெலியைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நோய் எதிர்ப்பு இல்லாத சுண்டெலியில் மனித வளர்ச்சிக் காரணிகளின் மரபணுக்களைச் சேர்த்து, மனிதத் தண்டு செல்களைச் செலுத்தினால் மனித மாஸ்ட் செல்களே அதன் உடலில் உருவாகின்றன. மனிதக் கைமேஸ் உயிருள்ள உடலில் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் கத்தி மனிதனுடையது, வெட்டப்படும் பொருள் சுண்டெலியுடையது, சுற்றி நிற்கும் தடுப்பான்களும் சுண்டெலியுடையவை. சுண்டெலியின் சொந்த மாஸ்ட் செல்களும் எங்கும் போய்விடவில்லை. ஆஞ்சியோடென்சின் போல வரிசை மாறாத துண்டுக்கு இது பொருந்தும். வரிசை மாறிய புரதத்துக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி மாறினால் விடையும் மாறும் என்பதற்குக் கிரான்சைம் பி நல்ல உதாரணம். அங்கே மனித நொதியும் சுண்டெலி நொதியும் இரண்டுமே அஸ்பார்டிக் அமிலத்தின் பின்னால்தான் வெட்டுகின்றன. பள்ளத்தின் அடி ஒன்றே. வித்தியாசம் பள்ளத்துக்கு முன்னால், சங்கிலியின் முந்தைய அமினோ அமிலங்கள் படுக்கும் தடத்தில். மனித நொதி பிட் என்ற புரதத்தை நன்றாக வெட்டி, மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல்லைச் சாகடிக்கும். சுண்டெலி நொதிக்கு பிட் பிடிக்காது. செல்லின் சாவை நடத்தும் காஸ்பேஸ்-3 என்ற நொதிக்கு நேராகப் போகும். 2006, 2007-இல் வந்த ஆய்வுகள் இதை அடுத்தடுத்து உறுதிப்படுத்தின. அவற்றில் ஒன்று, செல்லைக் கொல்லும் திறனில் சுண்டெலி நொதி மனித நொதியைவிட 30 மடங்கு பலவீனம் என்று அளந்தது. சுண்டெலிச் செல்லின்மேல் மனிதக் கிரான்சைமை ஊற்றிச் செய்த பழைய சோதனைகளைப் படிக்கும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும். இங்கே வியப்பு என்னவென்றால், கைமேஸுக்கு நான் வேண்டாம் என்று ஒதுக்கிய எலி, கிரான்சைம் பி-யில் சுண்டெலியைவிட மனிதனுக்கு நெருக்கம்.

வெட்டப்படும் பொருளே இல்லாமல் போகும் நிலையும் உண்டு. மனிதக் கிரான்சைம் ஏ, காஸ்டெர்மின் பி என்ற புரதத்தை வெட்டி இலக்குச் செல்லை வெடிக்க வைக்கிறது என்று 2020-இல் தெரிந்தது. சுண்டெலிக்குக் காஸ்டெர்மின் பி மரபணுவே இல்லை. நொதி எவ்வளவு ஒத்திருந்தாலும் அந்தக் கதையைச் சுண்டெலியில் பார்க்க முடியாது. புற்றுநோய்க்கு எதிரான டி செல் சிகிச்சையில் கொல்லும் வழி எது என்பது உங்கள் கேள்வியானால், மனித டி செல்லும் மனிதப் புற்றுச்செல்லும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். கிருமி, நிணநீர்க் கணு, நாள்கணக்கில் மாறும் முழு எதிர்ப்பாற்றல் என்றால் சுண்டெலியே சரி. அங்கே சுண்டெலியின் கிரான்சைம் சுண்டெலியின் செல்லைத்தான் கொல்கிறது, இரண்டும் சேர்ந்து பரிணமித்தவை.

சரியான விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மருந்து மனிதனில் பலித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபுலாசிம்ஸ்டாட் என்ற கைமேஸ் தடுப்பானை மாரடைப்பு வந்த நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் இடது கீழறை வேலை செய்யும் திறன் மேம்படவில்லை. நொதியின் வெட்டு பொருந்துவது முதல் வாசல். அதைத் தாண்டி நோயின் வேகம், மருந்தளவு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் என்று வாசல்கள் பல. முதல் வாசலே பூட்டியிருந்தால் மற்றவற்றைப் பற்றிப் பேச்சே எழாது, அதனால்தான் இவ்வளவும்.

இதய நார்த்திசுக் கேள்விக்கு இன்று நான் திட்டம் எழுதினால் இப்படி எழுதுவேன். மனிதத் தோலிலிருந்து எடுத்த மாஸ்ட் செல்களிலோ எல்ஏடி2 என்ற மனித மாஸ்ட் செல் வரிசையிலோ தடுப்பானின் அளவை முடிவு செய்வேன். உயிருள்ள விலங்கில் ஹாம்ஸ்டர். கைமேஸ்தான் காரணம் என்று நிறுவ, அதே காயத்தை எம்எம்சிபி-4 இல்லாத சுண்டெலியிலும் செய்து, மருந்தில்லாமலே அதே பலன் வருகிறதா என்று பார்ப்பேன். நாயையும் குரங்கையும் எடுக்கமாட்டேன்.

இவற்றில் எதற்கும் முன்னால், சில நாளில் முடியும் ஒரு சோதனை இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் ஒன்று ஒரு சிறு குப்பி வாங்குங்கள். நீங்கள் எடுக்கப்போகும் விலங்கின் இதயத் திசுச் சாற்றில் கால்மணி நேரம் வையுங்கள். ஒரு குழாயில் உங்கள் தடுப்பானோடு, ஒன்றில் ஏ.சி.இ. தடுப்பானோடு, ஒன்றில் எதுவும் சேர்க்காமல். நிறை நிறமாலைமானியில் துண்டுகளின் எடையைப் பாருங்கள். வெட்டு எட்டில் விழுந்ததா, நான்கில் விழுந்ததா, உங்கள் தடுப்பான் அதை நிறுத்தியதா என்று அந்த மூன்று குழாய்களும் சொல்லிவிடும். அந்த வரைபடத்தை நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில், "எந்த விலங்கு" என்ற வரிக்குக் கீழே ஒட்டி அனுப்புங்கள்.